நகல் எடுக்காத மூன்று பிற்பகல்கள்

ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன்னால் ஒரு சத்தம் போடும். சுவரில் பல்லி சொல்கிற மாதிரி ஒரு சின்ன 'டிக்'. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் 'டிக்'. இருபத்திரண்டு வருடமாகத் திருவிடைமருதூரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் இன்றும் என் கை அப்படியே நின்றுவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போய், திரும்பி வந்த பிறகுதான் விஷயத்தைச் சொல்வேன்.

உள்ளே ஒரு தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். அந்தத் தட்டின் மேல் படாமல், மயிரிழையைவிடக் குறைந்த இடைவெளியில், ஒரு முனை மிதந்தபடியே எழுதும், படிக்கும். சுற்றிக்கொண்டிருக்கிற நேரத்தில் பெட்டி ஆடினால், விழுந்தால், முனை தட்டில் உரசிவிடும். உரசிய இடத்தில் என்ன இருந்ததோ அது போனது போனதுதான். நம் ஊரில் அதற்கு எதிரிகள் வேறு அதிகம். மும்முனைக் கரண்ட் வந்ததும் சுற்றுவட்டார வயல்களில் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும், வீட்டு விளக்குகள் மங்கும். ஐப்பசி, கார்த்திகையில் சுவரெல்லாம் ஓதம் காத்துக் கிடக்கும். தை பிறந்தால் அறுவடை இயந்திரம் கிளப்பும் நெல் சுணை ஜன்னல் வழியே வந்து கம்ப்யூட்டரின் காற்றாடியில் பாய் மாதிரி படியும். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது மிச்சம். ஓடும்போது அசைக்காதீங்க. கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிட்டு வயரை எடுங்க, வெடுக்குன்னு பிடுங்காதீங்க. சூடாக விடாதீங்க. எல்லாத்துக்கும் மேல, ரெண்டு காப்பி எடுத்து ரெண்டு இடத்துல வைங்க. கடைக்கு அடிக்கடி வருகிறவர்கள் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே இதை ஒப்பித்துக் காட்டிக் கிண்டல் செய்வார்கள்.

ஒருமுறை கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பெண் வந்தார். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். கல்யாண வீடியோவிலிருந்து, குழந்தை பிறந்த அன்று அவர் அங்கிருந்தே போன் வழியாகக் குழந்தையின் காதில் பாங்கு சொன்னதைப் பதிந்து வைத்ததுவரை எல்லாம் ஒரே டிஸ்க்கில் இருந்தது. மேஜையில் வைத்து ஓட்டினேன். டிக். டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை, அன்றைக்கு எனக்கு என்ன கோபமோ.

"எல்லாம் போச்சுங்க. இன்னொரு காப்பி எடுத்து வெச்சிருக்க வேணாமா? படிச்சவங்கதானே நீங்க?"

"பட்டுப்புடவையோட பீரோவுல பத்திரமாத்தாண்ணே வெச்சிருந்தேன்" என்றார் அவர்.

"பத்திரமா வெச்சா ஆச்சா?" என்று மறுபடியும் கத்தினேன்.

அவர் டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார். அவர் போன பிறகு அன்றைக்கு வேறு எந்தப் பெட்டியையும் நான் திறக்கவில்லை. ஏனென்றால் அப்போது என் வீட்டிலும் ஒரு டிஸ்க் இருந்தது. அதில் என் அம்மாவின் குரல் இருந்தது. அதற்கு நகல் இல்லை.

அம்மாவின் குரல் எங்கள் ஊரில் பிரசித்தம். தெருவில் நின்று கூப்பிட்டால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேய்கிற மாடு தலையைத் தூக்கும். நாற்பது வருடம் மற்றவர்கள் வயலில் நடவும் களையும் செய்தவள், ஆள் கட்டி வேலை வாங்கியவள். எழுபதை நெருங்கும்போது அந்தக் குரல் கரகரக்கத் தொடங்கியது. மிளகு ரசம், சித்தரத்தை என்று கை வைத்தியத்திலேயே ஆறு மாதத்தை ஓட்டிவிட்டாள். தஞ்சாவூருக்கு அழைத்துப் போனபோது டாக்டர் நேரடியாகச் சொல்லிவிட்டார். குரல்வளையில் புற்று, அதை எடுத்தாக வேண்டும். எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, பேச்சு மட்டும் வராது.

"எத்தன நாள் இருக்குங்க?" என்று கேட்டாள் அம்மா.

டாக்டர் வேறு மாதிரி புரிந்துகொண்டு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்.

"உசுருக்குக் கேக்கலீங்க. பேச்சுக்குக் கேக்கறேன்."

பத்து நாள் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சைச் சேமிக்கிறாள் என்று நினைத்தேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேச்சு போனால் அவளுக்கு எல்லாமே போன மாதிரிதான்.

இரண்டு நாள் கழித்து என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"உன் பொட்டியில பேச்சு நிக்குமா?"

"நிக்கும்மா."

"எத்தன வருசம்?"

"ஒழுங்கா வெச்சுக்கிட்டா பத்து வருசம்கூட நிக்கும். எதுக்கு பொட்டி? போன்லயே பேசிடேன்."

"போன்ல பேசினா ஊருக்கே போயிரும். பொட்டியிலயே வையி. உங்கப்பாவப் பத்தி உனக்குச் சொல்லணும். நீ எதிர்க்க இருந்தா எனக்கு வாயில வராது, நீ வெளிய போயிடணும். நான் கண்ண மூடுற வரைக்கும் நீ அதக் கேக்கக் கூடாது. இன்னொன்னு, நகல் எடுக்கக் கூடாது."

நகல் என்ற வார்த்தையை அவள் துப்புகிற மாதிரி சொல்வாள். அதற்குக் காரணம் உண்டு. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பா ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். அவருடைய அப்பா காலத்திலிருந்து உழுத நிலம். நிலத்துக்காரரின் காரியஸ்தர் ஒரு பிற்பகலில் வீட்டு வாசலுக்கு வந்தார். குத்தகையைப் பதிவு செய்யப்போகிறோம், ஒன்று அசல், ஒன்று நகல், இரண்டிலும் ரேகை வை என்றார். அப்பா இரண்டிலும் இடது கட்டைவிரலை வைத்தார். இரண்டாவது தாள் நகல் இல்லை. என் விருப்பத்தோடு நிலத்தைத் திருப்பி ஒப்படைக்கிறேன் என்று எழுதிய தாள் அது. அடுத்த போகத்தில் வேறு ஒருவருடைய ஏர் இறங்கியது. அதே வயலுக்கு அப்பா கூலிக்குக் களை பறிக்கப் போனார். பிறகும் பத்தொன்பது வருடம் இருந்தார். சாயங்காலம் சுவரோரம் உட்கார்ந்து, மை போகாத மாதிரி, இடது கட்டைவிரலைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருப்பார். அந்த இடத்தில் சுண்ணாம்பு வழவழவென்று இருக்கும்.

அப்போதிருந்து எங்கள் வீட்டில் நகல் என்பது கெட்ட வார்த்தை. பள்ளிக்கூடத்துக்கு என் சாதிச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்கப் போனால் அம்மா கூடவே வருவாள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் காவலுக்கு நிற்பாள். அசலும் நகலும் என் கைக்கு வந்தால்தான் கடையை விட்டு நகர்வாள். கடைக்காரர் கேலி செய்வார். அவள் சிரிக்க மாட்டாள்.

இந்தக் கதை எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இதில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது, அதுவும் நான் எதிரே இருந்தால் வாயில் வராத அளவுக்கு என்று யோசித்தேன். பிடி கிடைக்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் விளையாட்டாக இல்லை. புது டிஸ்க் ஒன்றை எடுத்து வந்து, மடிக்கணினியோடு இணைத்து, மைக்கை அவள் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனேன்.

மூன்று பிற்பகல் பேசினாள். நான் வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருப்பேன். வார்த்தை கேட்காது, கரகரப்பு ஏறுவதும் இறங்குவதும் மட்டும் வரும். இரண்டாம் நாள் நடுவில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தபோது மறுபடி தொடங்கியது. மூன்றாம் நாள் சீக்கிரமே முடிந்துவிட்டது. வாசலுக்கு வந்து நின்று, "நிறுத்திடு" என்றாள். கண் காய்ந்திருந்தது. உள்ளே போய் நிறுத்தினேன். திரையில் மூன்று கோப்புகள், ஒன்று, இரண்டு, மூன்று என்ற பெயரோடு.

நான் கேட்கவில்லை. கேட்கத் துடித்தேன், அதை மறைக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் டிஸ்க்கில் எத்தனையோ அந்தரங்கம் கிடக்கும், எதையும் திறந்து பார்க்காதவன் நான். முன்கோபக்காரன், வாய் நீளம், எல்லாம் சரிதான். கொடுத்த வாக்கை மட்டும் மீற மாட்டேன் என்று ஒரு கர்வம் எனக்கு இருந்தது.

ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. மூச்சு அதன் வழியாகத்தான். வந்த அன்று கட்டிலில் உட்கார்ந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. நான் கஞ்சியை ஆற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து, "சூடா இருக்கும், பாத்துக் குடிம்மா" என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. வலிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அம்மா மாறிப்போனாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, அடுப்படிச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாலு வாயில் முடித்துவிடுவாள். இப்போது விழுங்குவதே சிரமமாக இருக்கும் நேரத்தில், தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். என் தட்டில் குழம்பு குறைந்தால் ஊற்றினாள். நான் ஏதாவது சொன்னால் தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தாள். "அத்தை இப்பதாங்க நிம்மதியா உக்காந்து சாப்பிடறாங்க" என்றாள் என் மனைவி. உயிர் பிழைத்த சந்தோஷம் என்று நினைத்தோம். பேசுவதற்கு என்று கழுத்தில் வைக்கும் ஒரு கருவி வாங்கிக் கொடுத்தேன். பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி வந்த குரலை ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு, அதைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். அவள் உதட்டசைவைப் பார்த்தே நாங்கள் பேசப் பழகிவிட்டோம்.

நான் டிஸ்க்கைக் காப்பாற்றத் தொடங்கினேன். மூடி போட்ட எவர்சில்வர் சம்படம் ஒன்றில், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு, அதற்குள் வைத்தேன். அடுப்பு வெக்கை படாத, மழைச் சுவர் ஒட்டாத அலமாரித் தட்டில் இடம். ஓடிக்கொண்டே இருந்தால் தேயும், ஓடாமலே கிடந்தால் உள்ளே இறுகும். ஆகவே மாதம் ஒருமுறை, அமாவாசையன்று காலையில் ஓட்டுவது என்று வைத்துக்கொண்டேன். அம்மா அப்பாவுக்காகக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு உள்ளே வருவாள். நான் சுவரிலிருந்து வரும் கரண்டை நம்பாமல், யு.பி.எஸ். பேட்டரியில் கம்ப்யூட்டரைப் போட்டு டிஸ்க்கை இணைப்பேன். நீல விளக்கு எரியும். அம்மா கையைக் கட்டிக்கொண்டு அந்த விளக்கையே பார்ப்பாள். பத்து நிமிடம் சுற்றவிடுவேன், கோப்புகள் மூன்றும் இருக்கின்றனவா என்று பெயரை மட்டும் பார்ப்பேன். பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் எண்ணைப் பார்ப்பேன். தட்டில் எத்தனை இடம் கெட்டுப்போயிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. ஒன்றரை வருடம் பூஜ்யமாகவே இருந்தது.

ஓர் ஆடி அமாவாசையில் எட்டு என்று காட்டியது.

எட்டு ஒன்றும் பெரிதில்லை. கடையில் கேட்டால் பயப்படாதீங்க, ஆனா உடனே காப்பி எடுங்க என்று சொல்லியிருப்பேன். புரட்டாசியில் இருபத்து நான்கு. மழைக்காலம் முழுக்க அப்படியே நின்றது, நான் மூச்சு விட்டேன். மார்கழியில் நூற்றுப் பத்து. வெளியே காக்கை சோற்றை எடுக்காமல் ஓட்டின்மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். அதற்குமேல் அதை ஓட்டவிடவில்லை. முறைப்படி நிறுத்தி, வயரை எடுத்து, சம்படத்தில் வைத்துவிட்டு அம்மாவை உட்காரவைத்துப் பேசினேன்.

"அம்மா, பொட்டி கெட்டுக்கிட்டு வருது. இன்னொன்னுல எடுத்து வெச்சாதான் பேச்சு நிக்கும். நான் கேக்க மாட்டேன். பாத்திரம் மாத்தற மாதிரி மாத்தி மட்டும் வெக்கறேன். சரின்னு சொல்லு."

அவள் பதறவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. உள்ளங்கையால் என் நெஞ்சில் இரண்டு முறை தட்டினாள். பிறகு, 'எதற்கு' என்பதுபோலக் கையை வீசிவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள். எல்லாம் உன் பொறுப்பு, ஆனால் நகல் கூடாது என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க பாட்டுக்கு எடுத்து வைங்க. அத்தைக்குத் தெரியவா போவுது? கடைக்கு வர்றவங்களுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?"

ஒரு மாதம் என்னோடு நானே மல்லுக்கு நின்றேன். தை அறுப்பு ஆரம்பித்தது. ஒரு நாள் பிற்பகல், அம்மா ரோட்டில் காயப்போட்ட நெல்லைப் பார்க்கப் போயிருந்தாள். மனைவியும் வீட்டில் இல்லை. ஜன்னல்களைச் சாத்தினேன், சுணை வராமல் இருக்கவா, யாரும் பார்க்காமல் இருக்கவா என்று எனக்கே தெரியாது. புது டிஸ்க்கை ஒரு பக்கம், அம்மாவின் டிஸ்க்கை ஒரு பக்கம் இணைத்தேன். முதல் கோப்பைப் பிடித்து நகர்த்தினேன். பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்தது. கெட்ட இடங்கள் வந்தபோதெல்லாம் நின்றது, யோசித்தது, மறுபடி ஊர்ந்தது. பாதியைத் தாண்டவில்லை.

கதவருகில் நிழல் விழுந்தது. அம்மா, கையில் முறத்தோடு நின்றாள்.

அவளுக்குக் காலடிச் சத்தம் எப்போதும் இருந்ததில்லை. இப்போது குரலும் இல்லை. நாற்பத்தாறு வயது ஆண், இருபத்திரண்டு வருட அனுபவம், ஒன்பது வயதுப் பயல் மாதிரி ஆகிப்போனேன். இரண்டு பெட்டிகளில் ஒன்றை மறைக்க வேண்டும் என்பது மட்டும்தான் தோன்றியது. கையில் அகப்பட்டதை வெடுக்கென்று இழுத்தேன். அது அம்மாவின் டிஸ்க். வயர் மேஜை விளிம்பில் சிக்கி இழுத்துக்கொள்ள, சுற்றிக்கொண்டிருந்த பெட்டி கையிலிருந்து நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்தது.

கீழே விழுந்தது ஏதோ கடைப் பெட்டி என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். சாப்பிட வா என்று உதட்டசைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள்.

போனேன். அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். எனக்கு அப்பளத்தை நொறுக்கவே பயமாக இருந்தது. கை கழுவிக்கொண்டு வந்து, ஜன்னல் சாத்திய அறையில், டிஸ்க்கை மறுபடி இணைத்தேன். நீல விளக்கு எரிந்தது. டிக். கொஞ்சம் இடைவெளி. டிக். பாதியில் நின்ற நகலைக் கம்ப்யூட்டர் தானாகவே அழித்துவிட்டிருந்தது. என் வாழ்க்கையில் நான் சத்தம் போட்டு அழுதது அப்பா செத்தபோதுதான். அன்றைக்கு வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன், அம்மாவின் காது நன்றாகவே கேட்கும்.

சென்னையில் டிஸ்க்கைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒருவர் போன் செய்தார். "தட்டு பூரா கோடுங்க சார். ஒன்னும் வராது." சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டார்: "இன்னொரு காப்பி எடுத்து வெக்கலியா சார்? நீங்களும் இதே தொழில்லதானே இருக்கீங்க?" குரலில் கோபம்கூட இல்லை. கூத்தாநல்லூர்ப் பெண் படியிறங்கிப் போனதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அடுத்து வந்த அமாவாசைக்குள் அதே மாதிரி, அதே நிறத்தில் ஒரு காலி டிஸ்க்கை வாங்கிச் சம்படத்தில் வைத்தேன். அம்மா காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு உள்ளே வந்தாள். இணைத்தேன். நீல விளக்கு எரிந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு ஒன்றுமே இல்லாத பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பிழைப்பில் நான் யாரையும் இப்படி ஏமாற்றியதில்லை. நகல் என்று சொல்லி வேறு தாளை நீட்டிய காரியஸ்தருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. அதற்கு அடுத்த அமாவாசையும் அப்படித்தான் போயிற்று.

மூன்றாம் அமாவாசைக்கு நான்கு நாள் முன்பு தஞ்சாவூரில் வழக்கமான பரிசோதனை. டாக்டர் கழுத்தின் இடது பக்கத்தை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசியபோது, அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அது தெரிந்த பழக்கம்தான்.

மூன்றாம் அமாவாசையன்று சம்படத்தை எடுக்கவில்லை. அம்மா சோற்றுக் கையோடு வந்து அலமாரியைக் காட்டி, என்ன என்று புருவத்தை உயர்த்தினாள்.

"அம்மா, பேச்சு போயிருச்சும்மா. பொட்டி கெட்டுப்போச்சு. நான்தான் கீழ போட்டுட்டேன். உனக்குத் தெரியாம நகல் எடுக்கப் போயி..."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் தேவலை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் நெஞ்சில், முன்பு செய்த மாதிரியே, இரண்டு முறை தட்டினாள். உதடு நிதானமாக அசைந்தது.

"போனா போவுது. நீதான் கேட்டுட்டியே."

"கேக்கலம்மா."

தோள் குலுங்கச் சிரித்தாள். என்னிடமே கதை விடுகிறாயா என்கிற சிரிப்பு.

"சத்தியமா கேக்கலம்மா. நீ கண்ண மூடுற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு சொன்னியே."

சிரிப்பு நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பார்த்தாளே, அதே தேடல். அப்போதுதான் எனக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது. கேட்காதே என்று சொன்னால் எந்தப் பிள்ளைதான் கேட்காமல் இருப்பான், அன்று ராத்திரியே கேட்டிருப்பான் என்று அவள் நினைத்திருக்கிறாள். கேட்டுவிட்டும் நான் கஞ்சியை ஆற்றிக் கொடுத்திருக்கிறேன். கேட்டுவிட்டும் அம்மா என்று கூப்பிட்டிருக்கிறேன். அந்த நிம்மதியில்தான் இரண்டு வருடத்துக்கும் மேலாக என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். நான் வாக்கைக் காப்பாற்றிய கர்வத்தோடு திரிந்தேன். அவளுக்குத் தேவைப்பட்டது அந்த வாக்கை மீறுகிற பிள்ளை.

"இப்ப சொல்லும்மா. உதட்டப் பாத்தே எனக்குப் புரியும்."

உதடு திறந்தது. 'உங்கப்பா' என்ற வார்த்தை வரை வந்தது. பிறகு புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கழுத்துத் துணி படபடவென்று மேலெழுந்து அடங்கியது. அறுபது எழுபது வருடமாக எதற்கும் அஞ்சாத மனுஷி, தான் பெற்ற பிள்ளையைப் பார்த்து அஞ்சினாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"என்னவா இருந்தாலும் பரவால்லம்மா. அன்னிக்கி அந்தத் தாள்ல அப்பாவ ரேகை வெக்கச் சொன்னதே நீயா இருந்தாலும் பரவால்ல. அதுக்கு மேல எதா இருந்தாலும் சரி. நான் ஒன்னும் மனசுல வெச்சுக்க மாட்டேன். சரியா?"

ஆமாம் என்றோ இல்லை என்றோ அவள் தலை அசையவில்லை. என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரலையும் அதன்மேல் மூடி, இறுகப் பொத்திவிட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ரேகை வைக்காதே என்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஸ்கேன் முடிவுக்கு வரும் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அமாவாசைப் பகலில் நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.